செல்லாமல் போன சீசன்: இங்கிலாந்து நான்-லீக் கால்பந்து 2019-20, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-20ல் லிவர்பூல் முப்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பை வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அதே வருடம், அதே நாட்டில், ஆறு படியும் அதற்கு மேலும் கீழே நூற்றுக்கணக்கான க்ளப்கள் ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை சேற்றிலும் மழையிலும் ஆடிய ஆட்டங்கள், கோவிட் வந்ததும், ஒரே அறிவிப்பில் இல்லாமல் போயின. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்-லீக் என்றால் எந்த லீக்கிலும் சேராத க்ளப்களா?

இல்லை, பெயர்தான் அப்படி. 1888ல் தொடங்கிய ஃபுட்பால் லீக்தான் ஒரு காலத்தில் அங்கே 'லீக்', அதற்கு வெளியே இருந்தவர்கள் எல்லாம் நான்-லீக். இன்றைக்கு மேலே பிரீமியர் லீக்கில் 20, அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72, ஆக 92 க்ளப்கள். 93வது இடத்திலிருந்து கீழே இருக்கும் அத்தனையும் நான்-லீக்தான். அங்கேயும் லீக் உண்டு, புள்ளிப் பட்டியல் உண்டு, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் உண்டு. சட்டப்படி பார்த்தால் கடைசிப் படியில் இருக்கும் ஊர் க்ளப்கூட ஏறிக்கொண்டே போய் ஒருநாள் பிரீமியர் லீக்கில் ஆடலாம்.

ஸ்டெப் 3, ஸ்டெப் 6 என்றெல்லாம் சொல்கிறார்களே?

93வது இடத்திலிருந்து எண்ணும் படிக்கட்டு அது. ஸ்டெப் 1 நேஷனல் லீக், நாடு முழுவதற்கும் ஒன்று. ஸ்டெப் 2 அதற்குக் கீழே உள்ள நேஷனல் லீக் நார்த், சவுத். ஸ்டெப் 3லிருந்துதான் வட்டார லீக்குகள் ஆரம்பம்: வடக்கே நார்தர்ன் பிரீமியர் லீக், லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் இஸ்த்மியன் லீக், நடுப்பகுதிக்கும் தென்மேற்குக்கும் சதர்ன் லீக். சதர்ன் லீக்குக்கு மட்டும் இந்தப் படியில் இரண்டு டிவிஷன், ஆக மொத்தம் நாலு. ஒவ்வொன்றிலும் 22 க்ளப், ஆளுக்கு 42 ஆட்டம். முதலிடம் பிடித்தவர் நேராக மேலே போவார், 2லிருந்து 5 வரை வந்தவர்கள் பிளே-ஆஃப் ஆடுவார்கள். ஸ்டெப் 4, 5, 6 என்று இறங்க இறங்க டிவிஷன் கூடும், ஊர்களுக்கு இடையே தூரம் குறையும், கூட்டமும் குறையும். இந்தக் கதைக்கு ஒரு கோட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டெப் 2க்கும் ஸ்டெப் 3க்கும் நடுவே ஓடும் கோடு. மொத்தச் சண்டையும் அதன்மேல்தான்.

இஸ்த்மியன் என்பது என்ன பெயர்?

கிரேக்கப் பெயர். கொரிந்து நிலச்சந்தியில் பழங்காலத்தில் நடந்த இஸ்த்மியப் போட்டிகளிலிருந்து எடுத்தது. 1905ல் லண்டனைச் சுற்றியிருந்த அமெச்சூர் க்ளப்கள் சேர்ந்து ஆரம்பித்த லீக் இது. காசுக்கு ஆடுவதைக் கேவலமாக நினைத்த காலம். லீக்கின் லத்தீன் வாசகமே 'ஹானர் சஃபிகிட்', அதாவது கௌரவம் ஒன்றே போதும். சொன்னபடியே செய்தார்கள், ஆரம்பத்தில் முதலிடம் பிடித்த க்ளப்புக்குக் கோப்பையும் கிடையாது, பதக்கமும் கிடையாது. பின்னால் இதே லீக்தான் 1973ல் ரோத்மன்ஸ் சிகரெட் கம்பெனியின் ஸ்பான்சர் பணத்தை வாங்கிக்கொண்டது என்பது வேறு விஷயம். 2020ல் நடந்ததைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாசகம்தான் உறுத்துகிறது. பழைய அமெச்சூர்களுக்குக் கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் ஜெயித்தாய் என்று சொல்லவாவது ஆள் இருந்தது.

இங்கே ஆடுபவர்கள் முழுநேர ஆட்டக்காரர்களா?

பெரும்பாலும் இல்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவர், பிளம்பர், டெலிவரி வேன் ஓட்டுபவர். வாரம் இரண்டு நாள் மாலையில் பயிற்சி, சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம், நடுவாரத்தில் இன்னொன்று வந்தால் வேலை முடிந்து நேராக மைதானம். சம்பளம் என்று ஒரு தொகை வரும், அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. டிக்கெட் கிழிப்பவர், கோடு போடுபவர், கேன்டீனில் சிப்ஸ் பொரிப்பவர் எல்லாம் சம்பளமே இல்லாத தொண்டர்கள். டிவிப் பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை, வாசல் வசூலும் க்ளப்ஹவுஸ் பாரில் விற்கும் பியரும்தான் வருமானம்.

சரி, 2020 மார்ச்சில் என்னதான் நடந்தது?

மார்ச் 13 அன்று பிரீமியர் லீக் உட்பட மேல்மட்டக் கால்பந்து நிறுத்தப்பட்டது. அடுத்த சில நாட்களில் கீழேயும் நின்றது. மார்ச் 23ல் நாடு முழுக்க லாக்டவுன். மூன்றே நாளில், மார்ச் 26 அன்று, எஃப்ஏ (அதாவது இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம்) அறிவித்தது: ஸ்டெப் 3லிருந்து 6 வரை சீசன் முடிந்தது, எல்லா முடிவுகளும் அழிக்கப்படுகின்றன, யாரும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பெண்கள் கால்பந்திலும் மூன்றாம் படியிலிருந்து கீழே இதே கதி. ஏப்ரல் 9ல் எஃப்ஏ கவுன்சில் கூடி அதற்கு முத்திரை குத்திவிட்டது.

இந்த முடிவை 'நல் அண்ட் வாய்ட்' என்கிறார்களே, நிறுத்தி வைப்பதா, ரத்தா?

ரத்தைவிட மோசம். பாதியில் நிறுத்தி, இருக்கும் பட்டியலை இறுதி என்று வைத்துக்கொள்வது ஒரு வகை. இது அப்படியில்லை, சீசனே நடக்கவில்லை என்று பாவிப்பது. யாருக்கும் பட்டம் இல்லை. அடுத்த சீசனில் அதே க்ளப்கள், அதே டிவிஷன்கள், 2019 ஆகஸ்டில் நின்ற இடத்திலிருந்து மறுபடி முதலிலிருந்து. பழைய ரூபாய் நோட்டு மாதிரி, ராத்திரி வரை செல்லும், காலையில் வெறும் காகிதம்.

யாருக்கு அடி அதிகம்?

மூன்று க்ளப்களைச் சொல்கிறேன்.

முதலாவது சவுத் ஷீல்ட்ஸ், வடகிழக்குக் கடற்கரை ஊர். 2013ல் சொந்த மைதானம் கைவிட்டுப் போய், இரண்டு சீசன் வேறு ஊரான பீட்டர்லீயில் நூறு பேர்கூடச் சேராத கூட்டத்துக்கு முன்னால் ஆடிய க்ளப். 2015ல் ஊர் திரும்பிய பிறகு மூன்று வருடம் வரிசையாக மேலே ஏறினார்கள். 2017ல் லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் க்ளீதோர்ப்ஸ் டவுனை 4-0 என்று அடித்து, கீழ்ப்படி க்ளப்களுக்கான எஃப்ஏ வாஸ் கோப்பையும் வாங்கினார்கள். அந்த அணியில் ஒருகாலத்தில் சண்டர்லாண்டுக்கு ஆடிய அர்ஜென்டினாக்காரர் ஹூலியோ ஆர்க்காவும் இருந்தார். 2020 மார்ச்சில் நார்தர்ன் பிரீமியர் லீக் பிரீமியர் டிவிஷனில் அவர்கள் 12 புள்ளி முன்னால் நின்றார்கள். முக்கால் சீசன் தாண்டியாயிற்று. அந்த 12 புள்ளியும் போயிற்று.

இரண்டாவது வொர்திங், தெற்குக் கடற்கரையில் சஸெக்ஸில் இருக்கும் ஊர், இஸ்த்மியன் பிரீமியரில் 7 புள்ளி முன்னால். இந்த க்ளப்பின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. ஜார்ஜ் டவல் என்ற இளைஞர் இதே க்ளப்பின் இளையோர் அணியில் ஆடியவர், 2010ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனது. நஷ்டஈடாக வந்த பணத்தில் 2015ல், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த க்ளப்பையே எடுத்து, மைதானத்தில் செயற்கைப் புல் போட்டார். செயற்கைப் புல் என்றால் மழைக்கு ஆட்டம் நிற்காது, வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர் அணிகளுக்கும் வாடகைக்கு விடலாம், வருடம் முழுக்கக் காசு வரும். மேலே 92 க்ளப்களில் இந்தப் புல்லுக்கு அனுமதி இல்லை, நான்-லீக்கில் உண்டு. அப்படிக் கட்டி எழுப்பிய க்ளப் பட்டத்தைத் தொடும் நேரத்தில்தான் பட்டியல் காணாமல் போனது.

மூன்றாவது ஜெர்சி புல்ஸ். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் இருக்கும் ஜெர்சி தீவு தனி நாடாக ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஈஎஃப்ஏவில் சேரப் பார்த்தது, 2018ல் கதவைச் சாத்திவிட்டார்கள். அதே வருடம் இந்த க்ளப்பைத் தொடங்கி இங்கிலாந்துப் படிக்கட்டில் ஸ்டெப் 6ல் சேர்த்தார்கள். தீவுக்கு ஆட வரும் அணிகளின் பயணச் செலவையும் இவர்களே ஏற்க வேண்டும். முதல் சீசனில் 27 ஆட்டம், 27லும் வெற்றி. 99 கோல் போட்டு 7 மட்டும் வாங்கினார்கள். மேலே ஏறுவது மார்ச்சுக்கு முன்பே உறுதியாகியிருந்தது. உறுதியானதும் செல்லாது என்றாயிற்று. இதற்கு மேல் ஒரு அணி என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லிவர்பூலும் அப்போது பட்டம் வாங்கவில்லையே, அவர்களுக்கு மட்டும் எப்படி?

மார்ச்சில் லிவர்பூல் 25 புள்ளி முன்னால், 9 ஆட்டம் பாக்கி. அங்கே டிவி ஒப்பந்தம் கோடிக்கணக்கில், ஆட்டம் நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதனால் காலி மைதானத்தில், தொடர்ந்து கோவிட் பரிசோதனை செய்து, ஜூன் 17ல் மறுபடி ஆரம்பித்தார்கள். ஜூன் 25ல் பட்டம் உறுதியானது. ஸ்டெப் 3ல் காலி மைதானம் என்றால் வருமானம் பூஜ்யம், பரிசோதனைக்கு யார் காசு கொடுப்பது? ஆட்டத்தைத் தொடர முடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. அதை யாரும் பெரிதாக எதிர்க்கவும் இல்லை.

ஆடவும் முடியாது, அழிக்கவும் கூடாது என்றால் வேறு வழி?

இருந்தது. அதற்கு ஆங்கில எழுத்தில் பிபிஜி என்று பெயர்: வாங்கிய புள்ளியை ஆடிய ஆட்டத்தால் வகுப்பது. நேஷனல் லீக் நார்த்தில் இதைத்தான் செய்தார்கள், பாருங்கள் எப்படி என்று. யார்க் சிட்டி 34 ஆட்டத்தில் 66 புள்ளி, கிங்ஸ் லின் டவுன் 32 ஆட்டத்தில் 64. பட்டியலில் யார்க்தான் மேலே. வகுத்தால் யார்க்குக்கு 1.94, கிங்ஸ் லின்னுக்கு சரியாக 2. ஆக கிங்ஸ் லின் சாம்பியன், நேராக மேலே. யார்க் பிளே-ஆஃபுக்குத் தள்ளப்பட்டு, ஜூலையில் காலி மைதானத்தில் ஆல்ட்ரிங்கமிடம் சொந்த ஊரிலேயே 2-0 என்று தோற்றது. யார்க் ரசிகரிடம் கேட்டால் பிபிஜியை இன்றும் திட்டுவார். இருந்தாலும் அது ஒரு கணக்கு, எட்டு மாத உழைப்பை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு. நேஷனல் லீக்கின் முதல் டிவிஷனில் பேரோவும் இதே கணக்கில்தான் ஃபுட்பால் லீக்குக்குத் திரும்பியது, 1972ல் ஓட்டெடுப்பில் வெளியேற்றப்பட்ட க்ளப் 48 வருடம் கழித்து.

கோடு எங்கே விழுந்தது என்று இப்போது தெரிகிறதா? ஸ்டெப் 2ல் வகுத்தல். ஒரே படி கீழே, ஸ்டெப் 3ல், ரப்பர்.

இரண்டு அணிகள் ஏன் வேறு வேறு எண்ணிக்கையில் ஆடியிருந்தன?

மழை. 2020 பிப்ரவரி பிரிட்டனில் பதிவான பிப்ரவரிகளிலேயே அதிக மழை பெய்தது. முதலில் கியாரா புயல், அடுத்த வாரமே டென்னிஸ் புயல். நான்-லீக் மைதானங்களில் பாதிக்கு நல்ல வடிகால் கிடையாது. சனிக்கிழமை காலை நடுவர் வந்து பந்தைத் தட்டிப் பார்ப்பார், அது எழும்பாமல் தண்ணீரில் உட்கார்ந்தால் ஆட்டம் ஒத்திவைப்பு. எதிரணி பஸ் பாதி வழியில் திரும்பும், வாங்கி வைத்த பன்னும் பர்கரும் வீண். எஃப்ஏ கோப்பையிலும் எஃப்ஏ டிராஃபியிலும் நன்றாக ஆடும் க்ளப்களுக்கும் லீக் ஆட்டம் தள்ளிப்போகும். அப்படிச் சேர்ந்ததை எல்லாம் ஏப்ரலில் செவ்வாய், வியாழன் என்று அடுக்கி ஆடித் தீர்ப்பது வழக்கம். அந்த வருடம் ஏப்ரல் என்ற ஒன்று வரவே இல்லை.

யாருக்காவது இதில் லாபம் உண்டா?

உண்டே. கடைசி இடத்தில் தத்தளித்த க்ளப்கள் எல்லாம் தப்பித்தன. ஸ்டெப் 3லிருந்து யாரும் மேலே வராததால், ஸ்டெப் 2லும் யாரையும் கீழே தள்ளவில்லை. நேஷனல் லீக் நார்த்தில் கடைசியாக நின்ற பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ அதே இடத்தில் தொடர்ந்தது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், கேட்டு வாங்கியதா அது.

க்ளப்கள் சும்மா இருந்தனவா?

இல்லை. 60க்கும் மேற்பட்ட க்ளப்கள் எஃப்ஏவுக்குத் திறந்த மடல் எழுதின, முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி. சவுத் ஷீல்ட்ஸ் வக்கீலை வைத்து எஃப்ஏவின் நடுவர் மன்றம் வரை போய் வாதாடித் தோற்றது.

எஃப்ஏ தரப்பில் நியாயமே இல்லையா?

கொஞ்சம் இருக்கிறது. மார்ச் 26 அன்று இந்தத் தொற்று மூன்று மாதமா மூன்று வருடமா என்று யாருக்கும் தெரியாது. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் முடிகிறது, மைதானத்தைப் பராமரிக்கக் காசில்லை, சீக்கிரம் ஒரு முடிவு சொன்னால் ஆட்களுக்குச் சம்பளம் தருவதை நிறுத்தி மூச்சு விடலாம் என்று பல சின்ன க்ளப்களே எதிர்பார்த்தன. அதனால் சீசனை முடித்ததில் எனக்கு வருத்தமில்லை. முடிப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல, அங்கேதான் கோபம். முடித்துவிட்டு, யார் ஏறுவது என்பதை ஜூனில் நிதானமாகப் பேசியிருக்கலாம். மேலே உள்ளவர்கள் அப்படித்தான் செய்தார்கள், 92 க்ளப்களின் கடைசி இரண்டு டிவிஷன்களான லீக் ஒன்னும் லீக் டூவும் ஜூன் 9ல்தான் முடிவெடுத்தன. கீழே உள்ளவர்களுக்கு மட்டும் லாக்டவுன் ஆரம்பித்த அதே வாரத்தில் தீர்ப்பு எழுதியாயிற்று.

அடுத்த சீசன் ஒழுங்காக நடந்ததா?

நடந்தால்தானே. 2020 செப்டம்பரில் ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்டெப் 1, 2 'மேல்மட்டம்' என்பதால் ரசிகர்களுக்குத் தடை, ஸ்டெப் 3க்குக் கீழே பொழுதுபோக்கு விளையாட்டு என்று வகைப்படுத்தியதால் அளவான கூட்டத்துக்கு அனுமதி. பிரீமியர் லீக்கே காலி கேலரிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்க, இஸ்த்மியன் லீக்கில் ஜனங்கள் பியர் கிளாசோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் மறுபடி லாக்டவுன். 2021 பிப்ரவரி 24ல் அந்த சீசனும் பாதியிலேயே முடிக்கப்பட்டது, இந்த முறை பெரும்பாலான க்ளப்கள் அதையே விரும்பின. அப்போது இஸ்த்மியன் பிரீமியரில் முதலிடம் யார் தெரியுமா? மறுபடியும் வொர்திங்.

அழித்த புள்ளிகள் திரும்பி வந்தன என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கதையிலேயே என்னை வாய்விட்டுச் சிரிக்க வைத்த இடம் இது. 2021ல் எஃப்ஏ கீழ்ப்படிகளைத் திருத்தி அமைத்தது, ஸ்டெப் 4ல் ஏழு டிவிஷன் எட்டாக வேண்டும், அதற்குக் கீழேயும் இடங்கள் நிரப்ப வேண்டும். யாரை ஏற்றுவது? 2019-20, 2020-21 இரண்டு சீசன்களின் புள்ளியையும் சேர்த்து, ஆட்டங்களால் வகுத்து! நடக்கவே இல்லை என்று சொன்ன சீசனின் புள்ளிகள்தான். அப்படித்தான் ஜெர்சி புல்ஸ் ஒரு படி ஏறியது, அந்த 27 வெற்றியும் கடைசியில் எதற்கோ உதவின. ஆனால் ஸ்டெப் 3லிருந்து மேலே போக இந்தத் திருத்தத்தில் வழி வைக்கவில்லை. வொர்திங்குக்கும் சவுத் ஷீல்ட்ஸுக்கும் அப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் அவர்கள் ஏறினார்களா?

வொர்திங் 2021-22ல் மூன்றாவது முறையாக முதலிடத்தில் நின்றது, இந்த முறை சீசன் முழுசாக முடிந்தது, சாம்பியன் ஆகி நேஷனல் லீக் சவுத்துக்குப் போனார்கள். சவுத் ஷீல்ட்ஸ் இன்னும் ஒரு வருடம் காத்திருந்தது, 2022-23ல் பட்டம், பயிற்சியாளர் முன்னாள் சண்டர்லாண்ட் நட்சத்திரம் கெவின் ஃபிலிப்ஸ். கணக்குப் போட்டால் மூன்று வருடத் தாமதம். ஒரு க்ளப்புக்கு மூன்று வருடம் பெரிதில்லை, 2020ல் 33 வயதில் கடைசியாக ஒரு பட்டம் வாங்கலாம் என்று முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய டிஃபெண்டருக்குப் பெரிது.

இந்த ஆட்டங்களை நேரில் பார்க்க முடியுமா?

தாராளமாக. இங்கிலாந்தில் இருக்கிறவர்களும் வேலையாகவோ படிக்கவோ போகிறவர்களும் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பிரீமியர் லீக் டிக்கெட் மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் வாசலிலேயே வாங்கலாம். பல மைதானங்களில் பாதி நேரத்தில் ரசிகர்கள் இடம் மாறி, தங்கள் அணி கோல் போடப்போகும் பக்கத்துக்கு நடந்து போவார்கள், கூடவே நீங்களும் நடக்கலாம். குளிர்காலத்தில் போவதானால் காலையிலேயே க்ளப்பின் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மைதானத்தில் தண்ணீர் நின்றால் ஆட்டம் இருக்காது.

அப்படியானால் 2019-20ல் எதுவுமே மிஞ்சவில்லையா?

மிஞ்சியது. லீக்கைத்தான் அழித்தார்கள், கோப்பைப் போட்டிகளை அழிக்கவில்லை. ஸ்டெப் 5, 6 க்ளப்களுக்கான எஃப்ஏ வாஸ் அரையிறுதி வரை வந்து நின்றிருந்தது. அரையிறுதிகள் 2020 செப்டம்பரில் நடந்தன, இறுதி ஆட்டம் 2021 மே 3ல், வெம்ப்லியில். அதே நாளில் எஃப்ஏ டிராஃபி இறுதியும் நடந்தது, நான்-லீக் க்ளப்களுக்கான அந்தக் கோப்பையை வாங்கிய ஹாரோகேட் டவுன் அதற்குள் லீக் டூவுக்கு ஏறி, நான்-லீக் க்ளப்பாகவே இல்லை. வாஸ் இறுதிக்கு வந்தவை ஹெபர்ன் டவுனும் கான்செட்டும், இரண்டும் வடகிழக்கு, இரண்டும் அழிக்கப்பட்ட ஒரே டிவிஷனில் ஆடியவை, ஹெபர்ன் சவுத் ஷீல்ட்ஸுக்குப் பக்கத்து ஊர். சாதாரண வருடமாக இருந்தால் இரண்டு ஊரும் காலியாகி பஸ் பஸ்ஸாக லண்டன் கிளம்பியிருக்கும். தொற்றுக் கட்டுப்பாடு, ரசிகர் ஒருவருக்கும் அனுமதியில்லை. தொண்ணூறாயிரம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஹெபர்ன் 3-2 என்று ஜெயித்தது.